சனிக்கிழமைக்குள் பாட வேண்டிய பெட்டி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் கிளம்பும், புத்தி அடுத்த வண்டியில்தான் வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என்னைப் பெற்றவள் சொல்லாத நாளில்லை. இப்போது கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. அதனால் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னைச் சாந்தமானவன் என்கிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என்னோடு ஒரே அறையில் குடியிருந்தவனைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பான்.

அந்த வருஷம் எனக்கு இருந்த சொத்து இரண்டு. ஒன்று, மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் தடவி வாசிக்கிற ஹவாயன் கித்தார். மற்றது, அதன் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிபயர். அந்தப் பெயரை நாங்கள் யாரும் சொன்னதில்லை. பெட்டி என்றால் அதுதான். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு ரப்பர் தோட்டத்துத் துரையிடமிருந்து இரண்டையும் வாங்கினேன். வாசிக்க எனக்கு முன்பே தெரியும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து நான் வேலை பார்த்த துணிக்கடைக்கு மேல்மாடியில் ஒரு மலாய்க்காரர் இருந்தார். அவருடைய கித்தாரில் ஞாயிறுதோறும் இரண்டு வருஷம் பழகியிருந்தேன். பெட்டி அமெரிக்காவில் செய்தது. நம் ஊர்க் கரெண்டில் பாதிதான் அதற்கு ஆகும். அதனால் கரெண்டைக் குறைத்துக் கொடுக்கும் இரும்புக் கட்டி ஒன்றையும் கூடவே சுமக்க வேண்டும். அம்மிக்கல் கனம் கனக்கும்.

யுத்தத்தில் துணி வரத்து நின்றது, கடையும் மூடிவிட்டது. கோலாலம்பூரில் மக்கள் பொழுதுபோக்கும் பார்க் ஒன்றில் பேண்டு வாசிக்க ஆள் எடுத்தார்கள். சனிக்கிழமை மாலைகளில் ராணுவத்து அதிகாரிகளும் அங்கே வந்து உட்காருவார்கள். எங்கள் தலைவர் கோவாக்காரர், வயலின் வாசிப்பவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஒன்பது பேர் இருந்தோம், அதில் தமிழர் இரண்டே பேர். கித்தார் நான். ஆர்மோனியம் என் அறைக்காரன். ரவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், என்னைவிட மூன்று வயது இளையவன், வாய்க்கு வாய் அண்ணே என்பான்.

ஒரு சீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. அந்த வருஷம் சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்தார்கள். தோட்டங்களில்தான் அதிகம். தெருவில் நடந்து போனவனையும் பிடித்து லோரியில் ஏற்றியதுண்டு. போனவர்களிடமிருந்து தகவல் வருவதில்லை. பேண்டில் இருந்த ஒன்பது பேருக்கும் சிவப்பு முத்திரை குத்திய ஆளுக்கொரு சீட்டு கொடுத்திருந்தார்கள். இவன் ராணுவத்தின் கேளிக்கை வேலையில் இருக்கிறான், இவனை வேறு வேலைக்குப் பிடிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்ததாம். எங்களில் ஒருவருக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனால் குளிக்கும்போதுகூட அது கண்பார்வையில் இருக்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஓர் அதிகாரி வந்து எங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சீட்டுகளைத் திரும்ப முத்திரையிடுவார். வாசிக்காதவன் சீட்டை அன்றே கொடுத்துவிட வேண்டும்.

மாஸ்டருக்கும் ஒரு சட்டம் உண்டு. கருவியைக் காப்பாற்றத் தெரியாதவனுக்கு என் பேண்டில் இடமில்லை என்பார். டிரம்மை மழையில் நனையவிட்ட ஒருவனை அன்றைக்கே அனுப்பியும் இருக்கிறார். இந்த விஷயத்தில் அவரிடம் அழுதாலும் பலிக்காது.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. அறையில் கித்தார், பெட்டி, பேண்டுக்குச் சொந்தமான ஆர்மோனியம் மூன்றையும் வைத்துக் கும்பிட்டோம். பொரிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு வறுவல்தான், ஆனாலும் குறையில்லை. இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை மேடையில் பெட்டியைப் போட்டேன். முதல் பாட்டில் ஒரு மாதிரி உறுமியது. இரண்டாவது பாட்டில் பொரிந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் பின்னாலிருந்து புகை வந்தது, பெட்டி நின்றுவிட்டது. என் கை மட்டும் கம்பிமேல் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

இடைவேளையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பலகையின் திருகு ஒன்று கழன்று தொங்கியது. எனக்கு அது போதும். வாய் கிளம்பிவிட்டது.

"இத யாருடா தொறந்தது?"

அவன் ஆர்மோனியத்தை மூடிக்கொண்டிருந்தான். "நான் தொறக்கலண்ணே," என்றான்.

"நீ தொறக்காம வேற யாரு? நேத்தெல்லாம் ரூம்ல நீ மட்டும்தான இருந்த. போன வாரம் பெட்டியத் தூக்கச் சொன்னேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தியே, அதுக்குத்தானே இது?"

எட்டுப் பேர் முன்னால் சொன்னேன். தமிழ் தெரியாதவர்களுக்கும் விளங்கட்டும் என்று மலாயில் இன்னொரு தரம் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் கையை நீட்டினார். அவன் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டான். வரும் சனிக்கிழமை அதிகாரி வரும்போது அதை ஒப்படைத்துவிடுவதாக மாஸ்டர் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, அதற்குள் உன் பெட்டி பாட வேண்டும், பாடாவிட்டால் உன் சீட்டும் அதோடு போகும் என்றார். கித்தாரைப் பெட்டியில்லாமல் வாசித்தால் மேடைக்குக் கீழே இருப்பவனுக்குக்கூடக் கேட்காது. அவர் சொன்னது நியாயம்தான். நான் அறைக்குப் போனபோது அவன் தன் துணிகளை எடுத்துக்கொண்டு ரவாங்குக்கே போய்விட்டிருந்தான்.

கோலாலம்பூரில் ரேடியோ பழுது பார்த்த கடைகளில் பாதியை ராணுவம் எடுத்துக்கொண்டிருந்தது, மீதி பூட்டிக் கிடந்தன. அக்காலத்தில் ரேடியோ என்றாலே ஆபத்து. வீட்டில் இருந்ததை எல்லாம் கொண்டுபோய்ப் பதிந்து, தூர தேசத்துச் செய்தி எடுக்காதபடி உள்ளே வெட்டிவிட்டு, அரக்கு வைத்துத் திருப்பித் தருவார்கள். பழுது பார்க்க அனுமதி உள்ள ஒருவர் கிள்ளானில் இருக்கிறார், நாகூர்க்காரர் என்று டிரம் வாசிப்பவன் சொன்னான். பிரயாணத்துக்கு அனுமதி வாங்கவே புதன்கிழமை ஆகிவிட்டது. பெட்டி, இரும்புக் கட்டி, கித்தார் மூன்றையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. இதையெல்லாம் ஒரு கை பிடிக்க அவன் இருந்திருப்பான் என்று நினைத்தேன். நினைத்ததும் அவன்மேல் இன்னும் கோபம் வந்தது.

கிள்ளான் ஸ்டேஷன் வாசலில் காவல்காரச் சிப்பாய் நின்றான். இடுப்பை வளைத்துக் கும்பிட்டேன். அவன் பெட்டியைத் துப்பாக்கி முனையால் தட்டினான்.

"ராடியோ?"

"புக்கான் ராடியோ துவான். கித்தார்," என்றேன், ரேடியோ இல்லை ஐயா என்று மலாயில்.

வாசி என்று கையால் காட்டினான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பாடுகிற பெட்டி என்றால் ஒரு நிமிஷத்தில் தான் யார் என்று சொல்லிவிடும். பாடாத பெட்டி தான் ரேடியோ இல்லை என்பதை எப்படிச் சொல்லும்? நடைபாதையில் உட்கார்ந்து கித்தாரை மடியில் போட்டு, பெட்டியில்லாமல் வாசித்தேன். கொசு பாடுவது போல வந்தது. அவன் குனிந்து காதைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். இருபது வயதுகூட இருக்காது. கொஞ்ச நேரம் அப்படியே கேட்டான். பிறகு பெட்டியின் குமிழைத் தானே திருகிப் பார்த்தான், பின்பலகை இடுக்கில் எட்டிப் பார்த்தான், முன்பக்கம் எண்கள் எழுதிய முகம் இருக்கிறதா என்று தடவினான். ஒன்றும் இல்லை. என் சீட்டில் சிவப்பு முத்திரை இருந்தது. போ என்று தலையை ஆட்டினான். நான் இரண்டு முறை கும்பிட்டேன், பயத்தில் ஒன்று கூடுதல்.

நானாவின் கடை பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம்களை நாங்கள் அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் கூப்பிடுவோம். இவருக்கு என் வயதுதான் இருக்கும், இருந்தாலும் நானாதான். கைக்கடிகாரம், சைக்கிள் விளக்கு, டார்ச், ரேடியோ என்று எல்லாம் மேசையில் குடல் பிதுங்கிக் கிடந்தன. கண்ணில் ஒற்றைக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"வாங்க தம்பி. புள்ளைக்கு என்ன செய்யுது?"

நான் முழுக் கதையையும் சொன்னேன். பெட்டியைப் பற்றிக் கொஞ்சம், அறைக்காரனைப் பற்றி நிறைய. அவன் உள்ளே ஏதோ போட்டிருக்க வேண்டும், தண்ணீரோ மண்ணோ என்றேன்.

"கூட இருந்தே கெடுத்துட்டான் நானா."

"அப்டியா? உள்ள பாத்துட்டு அவனத் திட்டுவோம், இருங்க," என்று திருகுகளைக் கழற்றினார்.

 கண்ணாடிக் குமிழ் மாதிரி நின்ற வால்வுகளில் பெரியதை மெல்ல ஆட்டிப் பிடுங்கினார். அது உட்கார்ந்திருந்த குழிக்குள் சவர பிளேடை விட்டுச் சுரண்டி, நுனியில் வந்ததை என் மூக்குக்கு நேராக நீட்டினார். மேலே கரி, அடியில் மஞ்சள்.

"மோந்து பாருங்க."

மோந்தேன். சந்தனம்.

அவர் அடுத்த வால்வைப் பிடுங்கினார். கண்ணாடியின் நெற்றியில் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அடுத்ததிலும் அப்படியே. மேசையில் வரிசையாக நிறுத்திவைத்தார்.

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சு, பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காட்டுற மாதிரில்ல இருக்கு. பகையாளி பொட்டு வச்சா தம்பி கெடுப்பான்?"

கோபத்தில் அதுவரை மறைந்து கிடந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பூஜையன்று பின்பலகையைக் கழற்றியது நான். மரத்துக்குப் பொட்டு வைத்து என்ன புண்ணியம், பெட்டியின் உயிர் இந்தக் கண்ணாடிக் குமிழ்களில்தானே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கிண்ணத்திலிருந்து சந்தனத்தைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். கரைசல் கொஞ்சம் நீர்த்திருந்தது, வழிந்தது. வழிந்தால் என்ன, அபிஷேகம் என்று இன்னும் கொஞ்சம் வைத்தேன். அதற்குள் சூடம் ஏற்றியாகிவிட்டது. அவசரத்தில் பலகையை மூடி மூன்று திருகை முடுக்கினேன், நாலாவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"நான்தான் நானா வச்சேன்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எங்க ஊர்லயும் சந்தனம் பூசுறவங்கதான் தம்பி நாங்க. தர்காவுல கல்லுக்குப் பூசுவோம். கரெண்டுக்குப் பூச மாட்டோம்லா," என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

ஈரச் சந்தனத்தின் வழியாகக் கரெண்டு வால்வின் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குக் குறுக்கே ஓடி, குழியைக் கரியாக்கியிருந்தது. பியூஸ் போயிருந்தது. விரல் நகம் அளவுள்ள ஒரு சாமானும் வெந்துபோயிருந்தது. வால்வுகளைத் துடைக்க அவரிடம் ஸ்பிரிட் இல்லை. பக்கத்துச் சீனன் கடையில் சம்சு என்கிற சாராயம் கிடைக்கும், வாங்கி வாருங்கள் என்றார். வாங்கி வந்தேன். குப்பியைப் பார்த்ததும் நாற்காலியை ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இத நான் தொட மாட்டேன். நீங்க துணில நனைச்சுத் தொடைங்க, நான் காட்டுறேன். அந்தப் பொட்டு, அது. இன்னும் அழுத்தி."

என் பொட்டுகளை நானே சாராயத்தால் அழித்தேன். வால்வுகள் பிழைத்திருந்தன. கரியான குழியும் வெந்த சாமானும் இனி உதவா என்றார். செத்துப்போன ஒரு ரேடியோவைப் பிரித்து அதிலிருந்தவற்றைக் கழற்றி இதில் வைத்து, ஈயம் உருக்கி ஒட்டி, பியூஸையும் மாற்றினார். அன்று மாலையும் மறுநாள் காலையும் அதற்கே போயின. இராத் தங்கலுக்குக் கடையிலேயே பாய் போட்டுக் கொடுத்தார். கூலிக்கு நான் கொண்டுபோயிருந்த கருவாட்டில் பாதியை எடுத்துக்கொண்டு பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை மதியம் கரெண்டு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைப் போட்டார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. நான் கம்பிமேல் இரும்பை வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். கடையில் இருந்த தகரங்கள் எல்லாம் அதிர்ந்தன. நானா கண்ணிலிருந்த கண்ணாடியைக் கழற்றினார்.

"போதும் தம்பி. நல்லா இருக்கு. ஆனா போதும். ஸ்டேஷன்ல இருக்கிறவன் வந்துருவான்."

பெட்டியை உறையில் கட்டும்போது, "அந்த ரூம்காரப் பையன் இப்ப எங்க இருக்கான்?" என்று கேட்டார்.

"ரவாங்ல, தோட்டத்துல."

"தோட்டத்துலயா," என்றார்.  அந்த வருஷம் தோட்டத்தில் சீட்டில்லாமல் இருப்பது என்றால் என்ன என்று கிள்ளானில் இருந்தவருக்கும் தெரியும்.

திரும்பும் ரயிலில் முதலில் வந்தது வெட்கம். காது மடல் சுட்டது. நேராக மாஸ்டரிடம் போய் உண்மையைச் சொல்லி, அவன் சீட்டை வாங்கிக்கொண்டு ரவாங்குக்கு ஓட வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு ஸ்டேஷன் தாண்டும்வரை அந்த நினைப்பு உறுதியாகத்தான் இருந்தது. பிறகு மாஸ்டரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. டிரம்மை மழையில் விட்டவனையே அனுப்பியவர், வால்வுக்குச் சந்தனாபிஷேகம் செய்தவனை வைத்துக்கொள்வாரா? சனிக்கிழமை போகட்டும், என் சீட்டில் முத்திரை விழட்டும், ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். மூன்று நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை மாஸ்டர் அவன் சீட்டை ஒப்படைத்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும். அதைத் தெரியாத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாஸ்டர் வீட்டில் பெட்டியை வாசித்துக் காட்டினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். என்ன கோளாறு என்று கேட்டார். ஈரம் என்றேன். அது பொய்யில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, அதிகாரி போன மாதம் கேட்டு ரசித்த பாட்டு ஆர்மோனியத்தில்தான் ஆரம்பிக்கும், அதை வாசிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை என்றார். பையன் தெரியாமல் செய்துவிட்டான், ஒரு தடவை மன்னித்துவிட்டேன், நாளைக்கே நீ ரவாங் போய் அவனைக் கூட்டிவா என்று சொல்லி, அவன் சீட்டைத் தன் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு. அதை நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் வாங்கிக் கொடுத்த பிரயாண அனுமதியோடு ரவாங்கில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தேன். அவன் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக்குக் கொத்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தான். அவன் அம்மா பெஞ்சைத் துடைத்துப் போட்டு, பால் இல்லாத, சீனி இல்லாத காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"பெட்டி என்னாச்சுண்ணே?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை.

"பாடுது," என்றேன். அவன் அம்மா அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்து, "டேய், அது நீ இல்ல. நான்தான். பூஜைக்கு உள்ள சந்தனம் வச்சேன். அதான் எரிஞ்சு போச்சு," என்றேன்.

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"சந்தனம் நான்தானே அரைச்சுக் குடுத்தேன். நீங்க பின்னால தொறந்து வைக்கிறப்ப சூடம் ஏத்திக்கிட்டு நின்னேன். மேடையில பொகை வந்தப்பவே வாசம் அடிச்சுதே. சந்தனம் தீயுற வாசம்."

"அப்புறம் ஏன்டா சொல்லல? அத்தன பேர் முன்னால நான் அவ்ளோ பேசுறேன், நீ பாட்டுக்கு நிக்கிற."

அவன் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்து உதிர்த்துக்கொண்டிருந்தான். "சொல்லியிருந்தா மாஸ்டர் உங்களல்லண்ணே அனுப்பியிருப்பாரு. எனக்கு அம்மா இருக்கு, லயம் இருக்கு. லோரி வந்தா பின்னால காடு இருக்கு, சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்ச காடு. உங்களுக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா? எங்க போயி ஒளிவீங்க?"

 நான் ஒரு திருகைப் பார்த்ததும் கத்தத் தொடங்கிய அந்த நேரத்துக்குள், அவன் என்னையும் தன்னையும் நிறுத்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கிறான். என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காப்பி சூடு என்று சொல்லிச் சமாளித்தேன். அது ஆறிப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாஸ்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. இனிமேதான்."

"சொல்லாதீங்க. நான் செஞ்சதாவே இருந்துட்டுப் போகட்டும். சொன்னா மறுபடியும் வம்பு. நீங்களே தேடிக்கிட்டு வந்துட்டீங்கல்ல, அது போதும்ணே."

நானாக வரவில்லை, மாஸ்டர் அனுப்பித்தான் வந்தேன் என்று சொல்ல அதுதான் நேரம். அவன் அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டார். நான் எழுந்து, வண்டிக்கு நேரமாகிறது என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை அதிகாரி வந்தார். ஆர்மோனியம் பாட்டை ஆரம்பித்தது, என் கித்தார் அதைத் தொடர்ந்தது. பெட்டி உறுமவும் இல்லை, பொரியவும் இல்லை. ஒன்பது சீட்டிலும் முத்திரை விழுந்தது. மாஸ்டர் அவன் தோளைத் தட்டி, இனிமேல் பிறர் பொருளில் கைவைக்காதே என்று புத்தி சொன்னார். அவன் சரி மாஸ்டர் என்றான். நான் கித்தார்க் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைக்க ஒன்றும் இல்லாத கம்பியை.

திங்கட்கிழமை காலை அவன் அம்மா பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். அவர் அதற்கு முன் அந்த அறைக்கு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் பெரட்டுக்கு ஆள் நின்றபோதே லோரி வந்ததாம். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் வரிசையாக நிறுத்தி ஆள் கணக்கெடுப்பது. காட்டுப் பக்கமும் சிப்பாய்கள் நின்றார்களாம். ஒருவருக்கும் ஓட வழியில்லை. அவர்கள் லயத்தில் வயசுப் பிள்ளை உள்ள வீடு ஒன்றுகூட மிஞ்சவில்லை, தன் வீட்டைத் தவிர என்றார். சொல்லும்போது அழவில்லை. சொல்லி முடித்தபின் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எம்புள்ளைய நல்ல நேரத்துல வந்து கூட்டிக்கிட்டுப் போனீங்க தம்பி. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்."

"அண்ணன் தானா வந்தாரும்மா," என்றான் அவன், பக்கத்தில் நின்றுகொண்டு. "யாரும் சொல்லல. அவராத்தான் வந்தாரு."

யுத்தம் முடியும்வரை நாங்கள் அந்த அறையில்தான் இருந்தோம். பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டார்கள். எந்த வீட்டு விசேஷத்திலும் அந்த ரவாங் கதையை அவன் எடுத்துவிடுவான். அண்ணன் மட்டும் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் என்று ஆரம்பிப்பான். நான் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவன் அம்மா போய்ச் சேர்ந்தார். அவனும் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று நான் ரயிலில் நினைத்ததை இருவரிடமும் கடைசிவரை சொல்லவில்லை.